பணப் பொருளியல் பேராசிரியராக: காரைக்குடியிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு

அமெரிக்கப் பொருளியலாளர் பென் பெர்னான்கே 1975-ல் ஹார்வர்டில் இளங்கலை முடித்தார், 1979-ல் எம்.ஐ.டி.யில் பிஎச்டி. பிறகு ஸ்டான்ஃபோர்டு, 1985 முதல் பிரின்ஸ்டன். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவர் பதவி 2006-ல்தான் வந்தது. 2022 நோபலுக்கு அடிப்படையோ 1983-ல் வந்த ஒரு கட்டுரை: 1930களில் வங்கிகள் மூழ்கியபோது கடன் கிடைக்கும் வழியே அடைபட்டு, பொருளாதார மந்தம் நீண்டது என்றார்.

இந்தப் பாதைக்கு முதல் தேவை கணக்கு. பி.ஏ. பொருளாதாரம் மட்டும் போதாது. ரியல் அனாலிசிஸ், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு மூன்றும் மதிப்பெண் பட்டியலில் இருக்க வேண்டும். பி.எஸ்சி. கணிதம் முடித்து எம்.ஏ.வில் பொருளாதாரத்துக்கு மாறுவது நல்ல வழி. அமெரிக்காவில் பிஎச்டியின் முதலாண்டுப் பாடமே நிரூபணங்கள்தான். ஆண்டு முடிவில் தகுதித் தேர்வு. பலர் சறுக்குவது அங்கேதான்.

விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பரில். மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். ‘ஒழுக்கமான மாணவர்’ என்ற கடிதத்தால் பயனில்லை. நீங்கள் செய்த ஆய்வைச் சொல்லும் கடிதம்தான் எடுபடும். உதவித்தொகை இல்லாமல் இடம் தந்தால் வீட்டை அடகு வைத்துப் போகாதீர்கள். படிப்பு ஐந்தாறு ஆண்டு, பிறகு வேலை, நிரந்தரப் பதவிக்கு மேலும் ஆறேழு ஆண்டு.

ஆய்வுக்கான கேள்வியைத் தேடி வெளியூர் போக வேண்டாம். பர்மாவில் வட்டிக்கடை நடத்தியவர்களின் பேரேடுகள் செட்டிநாட்டு வீடுகளில் இன்னும் கிடக்கலாம். ரங்கூனில் நகரத்தார் கூடி நிர்ணயித்த நடப்பு வட்டி, 1930களில் கடன் திரும்பாமல் நிலமாக வந்து சேர்ந்தது எல்லாம் பெர்னான்கேயின் கேள்விக்கு உறவுதான்.

பேரேட்டைப் படிக்கும்போது இரண்டு இடத்தில் தவறு வரும். பிரமோதூத என்ற தமிழ் ஆண்டு 1930 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1931 ஏப்ரலில் முடிகிறது. அதை வெறும் ‘1930’ என்று பதிந்தால் தை, மாசி, பங்குனிப் புள்ளிகள் ஓராண்டு பின்னால் போய்விடும். அடுத்தது வட்டி: நூற்றுக்கு மாதம் 12 அணா என்றால் முக்கால் ரூபாய், அதாவது ஆண்டுக்கு 9 சதவீதம், 12 அல்ல.

பழம்பொருள் கடையில் உதிரி ஏடு வாங்காதீர்கள். ஆண்டு எழுதிய முதல் பக்கம் இல்லாத ஏடு அலங்காரத்துக்குத்தான் ஆகும். வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் எண்ணோடு படமெடுங்கள். கடன்பட்டவர் பெயருக்குப் பதில் ஒரு குறியீடு போடுங்கள். அந்தக் குடும்பங்கள் இன்னும் இருக்கக்கூடும்.