புரோட்டியோமிக்ஸில் பிஎச்.டி. தேடும் புதியவர்களுக்கு

முதுகலை படிக்கவோ, கணவன் அல்லது மனைவியின் வேலைக்காகவோ ஐரோப்பாவுக்கு வந்திருக்கிறீர்கள், அடுத்தது புரோட்டியோமிக்ஸில், அதாவது செல்லில் உள்ள புரதங்களை மொத்தமாக அளந்து ஆராயும் துறையில், பிஎச்.டி. என்ற எண்ணம் இருக்கிறது என்றால், முதலில் நீங்கள் இருக்கும் நாட்டில் குடியேறிய தேதியைக் குறித்துவையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் பயிற்சித் திட்டங்களில் சேர ஒரு கறாரான விதி உண்டு. பணியில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில், வேலை தரும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ படித்திருக்கவோ கூடாது. ஒருவர் ஜெர்மனியில் இரண்டாண்டு முதுகலை முடித்த கையோடு ஜெர்மனியிலேயே இத்திட்டத்தின் இடத்துக்கு விண்ணப்பித்தால் எடுத்த எடுப்பிலேயே தள்ளுபடிதான். டென்மார்க்கில் அதே திட்டத்தின் கீழ் வரும் இடத்துக்கு அவர் தாராளமாக முயலலாம். படிப்பு முடியும் தறுவாயில் இந்த விதியைப் பார்ப்பதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

சம்பளம் பற்றிச் சுருக்கமாக: ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் ஆய்வு மாணவர் பெரும்பாலும் ஊழியராகவே சேர்க்கப்படுகிறார். ஜெர்மன் ஒப்பந்தத்தில் ‘இ13, 65 விழுக்காடு’ என்று இருக்கலாம், இ13 என்பது பொதுத்துறைச் சம்பள நிலை ஒன்றின் பெயர். சம்பளம்தான் 65 விழுக்காடு, ஆய்வகத்தில் இருப்பதோ முழுநேரம். அமெரிக்காவில் உயிரியல் துறைகள் பலவற்றில் முதல் ஆண்டு இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வீதம் வேலை பார்த்துவிட்டுத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐரோப்பாவில் அந்த வசதி குறைவு. விண்ணப்பிக்கும்போதே ஆய்வகம் முடிவாகிவிடும் என்பதால் விசாரிப்பது முழுக்க உங்கள் பொறுப்பு.

எதை விசாரிப்பது? புரோட்டியோமிக்ஸ் ஒரு கருவி, செல்லுக்குள் சமிக்ஞை பரவும் விதமான செல் சிக்னலிங் ஒரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் விளம்பரங்கள் நிறைய வருகின்றன, ஆனால் ஆய்வகங்கள் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். மியூனிக் அருகே மார்ட்டின்ஸ்ரீடில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவனத்தில் மத்தியாஸ் மான் குழு அளவிடும் முறைகளையே வளர்த்த குழு. அங்கு பணியாற்றிய யெஸ்பர் ஓல்சன் உள்ளிட்டோர் 2006இல் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் மனித செல்களான ஹீலா செல்களுக்கு வளர்ச்சிக் காரணியான ஈ.ஜி.எஃப். கொடுத்து, 6,600 பாஸ்போரைலேஷன் இடங்களை, அதாவது புரதத்தில் பாஸ்பேட் ஒட்டும் இடங்களை, நேரவாரியாகப் பின்தொடர்ந்தார்கள். ஒரு சமிக்ஞை செல்லுக்குள் எப்படிப் பரவுகிறது என்பதை அவ்வளவு பெரிய அளவில் காட்டிய அந்தக் கட்டுரையை நேர்காணலுக்குமுன் கட்டாயம் படியுங்கள். ஸ்காட்லாந்தின் டண்டீயில் உள்ள எம்.ஆர்.சி. பாஸ்போரைலேஷன் பிரிவோ கேள்வியின் பக்கம் நிற்பது. பாஸ்பேட்டை ஒட்டும் நொதியான கைனேஸ் எதைத் தொடுகிறது, நோயில் அது எங்கே பிசகுகிறது என்பதே அங்கே பேச்சு. மனித மரபணுத் தொகுதியில் 518 கைனேஸ்கள் இருப்பதாக 2002இல் ஆய்வாளர்கள் பட்டியலிட்டார்கள். அவற்றில் பலவற்றின் வேலை இன்னும் சரியாகத் தெரியாது. பிஎச்.டி.க்கு இடம் இருப்பது இப்படித் தெரியாமல் கிடக்கும் கைனேஸ்களில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள். புரதங்களை எடைபோட்டு அடையாளம் காணும் கருவியான மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் குழுவுக்கே சொந்தமா, பல குழுக்கள் பங்கிடும் பொது மையத்தில் இருக்கிறதா? ஒரு சோதனை மாதிரியை அதில் ஓட்ட எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும்? மாணவர் கையால் ஓட்டலாமா? தரவை அலசச் சொல்லித்தர ஆள் இருக்கிறாரா? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும் நான் சேரமாட்டேன். கருவி ஒரு நாளில் கொட்டும் தரவை வைத்துக்கொண்டு தனியாகத் தவிப்பதே இந்தத் துறையில் மாணவரைச் சோர்வடையச் செய்வது. நிரல்மொழிகளான ஆர், பைத்தான் இரண்டில் ஒன்றை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

ஆய்வகக் கைவேலையில் நிதானம் உள்ளவர்களைக் குழுத்தலைவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். செல்லை உடைத்த பிறகும், பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகளான ஃபாஸ்படேஸ்கள் சும்மா இருப்பதில்லை. தடுப்பான் சேர்க்காமலோ குளிரில் வைக்காமலோ விட்டால், தேடிவந்த பாஸ்பேட்டையே அவை கழற்றிவிடும். தோலிலிருந்தும் கம்பளி ஆடையிலிருந்தும் உதிரும் கெரட்டின் என்ற புரதம் மாதிரியில் கலந்தால் உங்கள் புரதத்தை மறைத்துவிடும். யூரியா சேர்த்த கரைசலைச் சூடாக்கினால் புரதத் துண்டுகளான பெப்டைடுகளில் தேவையற்ற வேதிமாற்றம் ஏறும். இதெல்லாம் ஏன் என்று விளக்கத் தெரிந்தவருக்கு, கருவியைத் தொட்ட அனுபவம் இல்லாவிட்டாலும் மதிப்பு உண்டு.

விண்ணப்பத்துக்கு வலுச்சேர்க்க ஆய்வகம் தேவையில்லாத ஒரு வழியும் இருக்கிறது. இத்துறையில் வெளியாகும் கட்டுரைகளின் மூலத்தரவு பெரும்பாலும் பிரைடு என்ற பொதுக் களஞ்சியத்தில் கிடைக்கும். நீங்கள் சேர விரும்பும் குழுவின் கட்டுரை ஒன்றைப் பிடித்து, அதன் தரவில் நான்கைந்து கோப்புகளை மட்டும் இறக்குங்கள், முழுத்தொகுதி மிகப் பெரிதாக இருக்கும். மாக்ஸ்குவான்ட் இந்தத் தரவை அலசும் இலவச மென்பொருள், அதில் ஓட்டிப் பாருங்கள். அவர்கள் சொன்ன பாஸ்போரைலேஷன் இடங்களில் எவை உங்களுக்கும் கிடைத்தன, எவை கிடைக்கவில்லை, ஏன் என்று ஒரே ஒரு படமாக வரைந்து, குழுத்தலைவருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலோடு இணையுங்கள்.