விதை லிஸ்ட் பார்த்து வாங்கி மாடியில கத்திரி, தக்காளி வளர்க்கிறது எப்படி?

ஆடி பொறக்குறதுக்கு முன்னாடியே நாட்டு விதை லிஸ்ட் வாட்ஸ்அப்ல சுத்த ஆரம்பிச்சிடும், புதுசா மாடித்தோட்டம் போடுறவங்க அதை ஒரு தடவை முழுசா படிங்க. தெருமுனை காய்கறிக் கடையில ரெண்டு மூணு வகை கத்திரிக்காய்தான் பார்த்திருப்போம், இதுல பச்சை வரி, வெள்ளை, 2023-ல புவிசார் குறியீடு வாங்கின வேலூர் இலவம்பாடி முள்ளு கத்திரின்னு போய்க்கிட்டே இருக்கும். எனக்கு விதையில இருந்து வளர்க்கிறதோட பெரிய சந்தோஷமே இதுதான், எந்த ருசி வேணும்னு நாமளே முடிவு பண்றோம்.

முதல்ல பாக்கெட்டைப் பாருங்க. எஃப்1னு இருந்தா ஹைப்ரிட், அதாவது ரெண்டு ரகத்தைக் கலந்து எடுத்த விதை, நல்லா காய்க்கும், ஆனா அதுல எடுத்த விதை அடுத்த தடவை அதே மாதிரி வராது. விதை சேர்த்து வைக்கணும்னா நாட்டு ரகம், இல்லன்னா பெரியகுளத்துல வெளியிட்ட பிகேஎம் 1 தக்காளி மாதிரி ஹைப்ரிட் இல்லாத ரகம் வாங்குங்க.

அடுத்து நாத்து. கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மண்புழு உரமும் சரிபாதி கலந்து ட்ரேல நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்துல விதையைப் போட்டு மூடி தண்ணி தெளிச்சா போதும், ஊத்தாதீங்க. தக்காளி ஒரு வாரத்துல முளைச்சிடும், மிளகாய்க்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேணும். வெண்டை, அவரை, கீரையெல்லாம் நேரா செடி வளர்க்கிற பையிலயே விதைக்கலாம், கீரை விதை ரொம்ப பொடிசு, மணலோட கலந்து தூவுங்க.

தக்காளி நாத்தை 25 நாள்ல, கத்திரியை 30-35 நாள்ல பைக்கு மாத்துங்க, வெயில் தாழ்ந்த பிறகு.

அசுவினி (கூட்டமா ஒட்டிக்கிட்டு சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி) வந்தா ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயந்திரம் அடிங்க. கத்திரியில குருத்து மட்டும் வாடித் தொங்குதா, உள்ள புழு இருக்கு, கிள்ளி எடுத்து அழிச்சிடுங்க.

இப்போ விதை எடுக்கிறது, இதை மட்டும் விட்டுடாதீங்க, ஏன்னா ஒரு தடவை காசு கொடுத்து வாங்கின விதை அப்புறம் வருஷா வருஷம் நம்ம வீட்டுலயே இருக்கும். நல்ல செடியில ஒரு கத்திரிக்காயைப் பறிக்காம மஞ்சளா பழுக்க விடுங்க, பிசைஞ்சு தண்ணியில போட்டா நல்ல விதை அடியில தங்கும், மிதக்குறதைக் கொட்டிடுங்க. ரெண்டு ரகம் பக்கத்துல பக்கத்துல இருந்தா கலந்துடும், அதனால விதைக்குன்னு விடுற பூவை மொட்டுலயே மெல்லிசு துணிப்பையால மூடிட்டு, பிஞ்சு பிடிச்சதும் பையை எடுத்துட்டு அந்தக் காம்புல ஒரு நூல் கட்டிடுங்க. விதையை நிழல்ல நல்லா காய வெச்சு, சாம்பல் கலந்து, ரகம் பேரு, மாசம் எழுதி டப்பாவுல போட்டுடுங்க.