பாதிப் பப்பாளி போதும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் வீடு. பறவை பார்க்க நாங்கள் எங்கும் போவதில்லை. நன்றாகப் பழுத்த பப்பாளியை நீளவாக்கில் வெட்டி, விதையோடு ஒரு பாதியைக் கொல்லை மரக்கிளையில் கம்பியால் கட்டுங்கள். காலை 7 மணிக்கு, வெளிச்சம் வரும்போதே கட்டிவிட வேண்டும். முதலில் வாலுக்கடியில் மஞ்சள் தீட்டிய சின்னான்கள் வரும். அப்புறம் மாங்குயில், பளீர் மஞ்சள் உடம்பு, கண்ணிலிருந்து பின்கழுத்து வரை கறுப்புப் பட்டை. கரும்பச்சையாக மின்னி, ரத்தச் சிவப்புக் கண்ணோடு கூட்டமாக இறங்குவதும் மைனா இனம்தான், நன்றாகப் பாருங்கள்.

மிஞ்சிய ரொட்டி, உப்புச் சோறு வேண்டாம். மாலையில் மிச்சப் பழத்தை எடுத்துவிடுங்கள், எலி வரும்.

தண்ணீருக்கு இரண்டு விரல் ஆழமுள்ள மண்சட்டி சரி. ஆனால் தினமும் கொட்டித் தேய்த்துக் கழுவி ஊற்றுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும்.

தேன்சிட்டு பப்பாளியைத் தேடி வராது. அதற்குச் செம்பருத்தி வையுங்கள். பூவின் அடியில் அலகால் துளையிட்டுத் தேன் குடிக்கும். எங்கள் துணிக்கொடியில் ஒரு சோடி பை போலக் கூடு கட்டியது. குஞ்சுகள் பறக்கும் வரை துணியை முன்வாசலில்தான் காயப்போட்டோம்.