ஜெனீவாவுக்கு முறைப்பாடு எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு எழுதிக் கொடுக்கும் பலர், 'ஜெனீவா' என்பதை ஒரே அலுவலகம் மாதிரி நினைத்துவிடுகிறார்கள். அங்கே கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று, வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் பற்றி 1980இல் தொடங்கிய ஐ.நா. செயற்குழு. மற்றது, வலிந்து காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான சமவாயத்தின், அதாவது நாடுகள் கையெழுத்திட்டுச் சேரும் ஐ.நா. ஒப்பந்தத்தின், கீழ் வந்த குழு. இலங்கை அந்தச் சமவாயத்தை 2016இல்தான் உறுதிப்படுத்தியது. அதற்கு முன் தொடங்கிய சம்பவத்தைக் குழு கையில் எடுக்காது. ஆக, போர் முடிந்த 2009 மே மாதம் முல்லைத்தீவு வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்த மகனுக்காகக் குழுவின் கதவைத் தட்டிப் பயனில்லை. செயற்குழுவுக்குத்தான் எழுத வேண்டும். அதற்கு நாடு எந்தச் சமவாயத்திலும் சேர்ந்திருக்கத் தேவையில்லை, உள்ளூர் நீதிமன்றப் படிகளை எல்லாம் ஏறி முடித்திருக்கவும் தேவையில்லை. "இத்தனை வருடம் கழித்து எடுப்பாங்களா, தம்பி?" என்று அம்மாமார் கேட்பார்கள். எடுப்பார்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் என்றால் அவசர நடைமுறை, பழையது என்றால் வழமையான நடைமுறை.

சரி, கதவு சரியாகிவிட்டது. அப்புறம் வருவது மகஜர் எழுதிப் பழகிய கையின் வினை. முதல் இரண்டு பக்கமும் கண்டனம், வரலாறு, சர்வதேச சமூகத்தின் மௌனம். ஆளின் பெயரே மூன்றாம் பக்கத்தில்தான் வரும். செயற்குழு கேட்பது முழுப்பெயர், திகதி, பிடித்த அல்லது கடைசியாகக் கண்ட இடம், கொண்டுபோனது யார் என்று நம்புகிறீர்கள், தேடுவதற்குக் குடும்பம் என்ன செய்தது என்பவை. ஆட்கொணர்வு மனு, பொலிஸ் முறைப்பாடு எல்லாம் இந்தக் கடைசிக் கேள்விக்குள் வரும். 'இராணுவம் பிடித்தது' என்று நிறுத்தாமல், 'காலை ஒன்பது மணி போல, பாலத்தடியில், சீருடை போட்டவர்கள் பெயரைப் பதிந்து பேருந்தில் ஏற்றினார்கள். வரிசையில் பின்னால் நின்ற மனைவி கண்டார்' என்று கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். அரசின் கையோ ஆசியோ இருந்ததை இந்த விவரந்தான் காட்டும். 'காணாமல் போனார்' என்ற வார்த்தை காட்டாது.

திகதி விஷயத்தில் ஒரு ஆசை வரும், அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. நல்லிணக்க ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு, காணாமல் போனோர் அலுவலகம் என்று அரசு அமைத்த ஒவ்வொன்றிலும் அந்த அம்மா ஒரே கதையைப் பல தடவை சொல்லியிருப்பார். ஒன்றில் 17 என்றும் மற்றதில் 18 என்றும் இருக்கும். நாமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து 'திருத்துவது' பெரிய வில்லங்கம். பழைய பிரதிகளை வாங்கிப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். மூன்று நாள் சாப்பாடு இல்லாமல் நடந்தவருக்குத் திகதி தடுமாறுவதில் ஆச்சரியம் இல்லை.

குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் அனுப்புவதும் நடக்கிறது. அப்படி வந்ததைச் செயற்குழு ஏற்காது, சில வீடுகளுக்கு அதனால் புலனாய்வுக்காரர் வரவும் கூடும்.

யாரும் கவனிக்காத பொறி ஒன்று கடைசியில் இருக்கிறது. ஆளுக்கு என்ன நடந்தது என்று அரசாங்கம் விவரமாகப் பதில் அனுப்பினால், செயற்குழு அதை முறைப்பாடு கொடுத்தவருக்கு அனுப்பும். ஆறு மாதத்துக்குள் அவர் மறுமொழி சொல்லாவிட்டால் சம்பவம் 'தெளிவாகிவிட்டது' என்று கணக்கில் போய்விடும். தொடர்புக்குக் கொடுத்ததோ உதவிக்கு வந்த பொடியனின் மின்னஞ்சல். அவன் கனடா போய் இரண்டு வருடம். அம்மா கிளிநொச்சிப் போராட்டப் பந்தலில் மகனின் படத்தோடு இருப்பார், பதில் யாரும் திறக்காத இன்பாக்ஸில் கிடக்கும். வீட்டு ஆள் ஒருவரின் எண்ணையும் முகவரியையும் சேர்த்தே கொடுங்கள், மாறினால் அன்றைக்கே எழுதிப் போடுங்கள்.