வண்டி பின்னாடி சத்தம் வருதா? கிரவுன இறக்குறதுக்கு முன்னாடி இதப் பாத்துருங்க

"பின்னாடி என்னமோ ஊளையிடுதுண்ணே"ன்னு ஒர்க்‌ஷாப்ல போய் நின்னா, நிறைய இடத்துல முதல் பதிலே "கிரவுன் போச்சு, இறக்கிருவோம்"தான். கிரவுன்னா பின் ஆக்சில் நடுவுல இருந்து வீல சுத்தவைக்கிற பெரிய பல்சக்கரம். இறக்கிட்டா லேபர் காசு போனது போனதுதான், அதனால அதுக்கு முன்னாடி ஒரு காலைப்பொழுது நாமளே பாத்துக்கலாம். பொலிரோ, ஈக்கோ, டாட்டா ஏஸ், மீன் ஏத்துற பிக்கப் இந்த மாதிரி பின்வீல் டிரைவ் வண்டிகளுக்குத்தான் இது. ஸ்விஃப்ட், ஐ10 வச்சிருக்கவங்களுக்கு பின்னாடி கிரவுனே கிடையாது, அவங்க டயர், பேரிங், டிரம் சொல்ற இடத்த மட்டும் பாருங்க போதும்.

சத்தம் எங்கருந்து வருதுன்னு காத வச்சு தேடாதீங்க, பாடி வழியா அது எங்கெங்கயோ போய் கேக்கும். எப்ப வருது, எப்ப நிக்குதுன்னு மட்டும் கவனிங்க.

முதல்ல பின்னாடி கிடக்குற ஐஸ் பெட்டி, ஜாக்கி, ஸ்பேனர், கயிறு எல்லாத்தையும் இறக்கிருங்க, சில பேருக்கு சத்தம் அதோடயே போயிரும். அப்புறம் விடியக்காலைல ராம்நாடு மண்டபம் ரோட்டுல நேரான இடமா பாத்து ஓட்டுங்க. ஆடிக் காத்துல மதியத்துக்கு மேல போனா காத்து சத்தம்தான் கேக்கும், பாம்பன் பாலத்து மேலயும் வேணாம், ஜாயிண்டுக்கு ஜாயிண்ட் டம் டம்னு குழப்பிரும். அறுபதுல போய்ட்டு ஆக்சிலேட்டர மிதிங்க, அப்படியே பிடிங்க, அப்புறம் விடுங்க, கடைசியா நியூட்ரல்ல உருளவிடுங்க. இன்ஜின மட்டும் ஆஃப் பண்ணிராதீங்க, பிரேக் கல்லு மாதிரி ஆயிரும்.

மிதிக்கும்போது ஊய்ய்ன்னு ஊளை வந்து கால எடுத்தா நின்னுச்சுன்னா கிரவுன், அதோட கடிச்சு சுத்துற சின்ன பல்சக்கரமான பினியன், இந்த ரெண்டோட பல் மேல சந்தேகப்படலாம். மிதிக்கும்போது ஒண்ணுமில்லாம, விடும்போது மட்டும் வந்தா பினியன் பேரிங் லூசா இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. மிதிச்சாலும் விட்டாலும் நியூட்ரல்ல போனாலும் ஒரே மாதிரி வந்து, வேகத்துக்கு தக்கன மட்டும் கூடிக் குறைஞ்சா அது பெரும்பாலும் டயர் இல்லன்னா வீல் பேரிங். தார் ரோட்டுலருந்து ஊருக்குள்ள சிமெண்ட் ரோட்டுக்கு ஏறினதும் சத்தம் மாறுச்சுன்னா டயர்தான், உள்ளங்கையால டயர தடவிப் பாருங்க, மேடும் பள்ளமுமா கைல தட்டுப்படும். ரோடு காலியா இருக்கும்போது லேசா இடது பக்கம் வளைச்சா சத்தம் கூடுதா, அப்ப வலது பக்க பேரிங், வலது பக்கம் வளைச்சு கூடினா இடது. எப்பவும் இப்படியேதான்னு இல்ல, பெரும்பாலும் சரியா வரும். நேரா போகும்போது அமைதியா இருந்து திரும்பும்போது மட்டும் கரகரன்னா டிஃபரன்ஷியலுக்குள்ள (வளைவுல ரெண்டு பின்வீலையும் வேற வேற வேகத்துல சுத்த விடுறது) இருக்குற சின்ன கியரையும் பாக்கணும்.

ரிவர்ஸ்லருந்து ஃபர்ஸ்ட் போடும்போது 'டொக்'னு ஒரு அடி விழுதா, இதுக்குப் போய் கிரவுன கழட்டுனா எனக்கு கோவம்தான் வரும். சமதரையில நிறுத்தி, முன்னாடி பின்னாடி கட்டை போட்டு, இன்ஜின ஆஃப் பண்ணி நியூட்ரல்ல வச்சுட்டு, கியர்பாக்ஸ்லருந்து பின் ஆக்சிலுக்கு போற ஜாயிண்ட் ஷாஃப்ட கையால திருகிப் பாருங்க. ஷாஃப்ட் முனைல கூட்டல் குறி மாதிரி இருக்குற கிராஸ்ல ஆட்டம் இருந்தாலோ அதோட முனைய மூடியிருக்குற கப்ப சுத்தி செவப்பா துருப்பொடி இருந்தாலோ ஆள் சிக்கிட்டான். மெதுவா கிளம்பும்போது கீச் கீச்னு வர்றதும் இதே கிராஸ் காஞ்சு போய்தான், நிப்பிள் இருந்தா கிரீஸ் அடிக்கலாம், இல்லாத டைப்னா மாத்தத்தான் வேணும். ஷாஃப்ட கழட்டுறவர்கிட்ட ஃபிளாஞ்சுல (ஷாஃப்ட போல்ட் போட்டு மாட்டுற தட்டு) மார்க் போட்டுட்டு கழட்டச் சொல்லுங்க, இடம் மாத்தி மாட்டுனா புதுசா ஒரு நடுக்கம் வர வாய்ப்பிருக்கு. அப்படியே பட்டைய (லீஃப் ஸ்பிரிங்) ஆக்சிலோட பிடிச்சிருக்குற யூ போல்ட்டும் டைட்டா இருக்கான்னு பாருங்க, லூசா இருந்தாலும் அதே டொக் வரும்.

நம்ம கடக்கரை வண்டிக்கு வேற சிக்கல் இருக்கு. ஓடி வந்த சூட்டோட வண்டிய கடல் தண்ணிக்குள்ள ரிவர்ஸ்ல விடுறோம்ல, கிரவுன் இருக்குற இரும்புக் கூடு, அதான் ஹவுசிங், சட்டுனு குளிரும்போது உள்ள இருக்குற காத்து சுருங்கி பிரீதர்ங்கிற காத்துத் துளை வழியாவும் சீல் வழியாவும் தண்ணிய உறிஞ்சிரும். ஐஸ் பெட்டிலருந்து வடியிற மீன் தண்ணி வேற பட்டை, ஹவுசிங்னு எல்லாத்தையும் அரிக்கும். அதனால ஹவுசிங்குக்குள்ள இருக்குற ஆயில பாக்காம விடாதீங்க. முதல்ல ஆயில் ஊத்துற மேல் பிளக்க கழட்டுங்க, அது வராம கீழ் பிளக்க கழட்டி ஆயில வடிச்சுட்டா திருப்பி ஊத்த வழியில்லாம நிப்பீங்க. விரல விட்டு எடுத்தா பால் கலந்த டீ கலர்ல இருந்தா தண்ணி போயிருச்சு, உடனே மாத்தணும், பிரீதரையும் சுத்தம் பண்ணணும். சில்லு சில்லா இரும்பு வந்தா வண்டிய ஓட்டாதீங்க, அதுக்கு மேல கிரவுன இறக்குறது நியாயம்தான். தனுஷ்கோடி அரிச்சல்முனை பக்கம் மண்ணுல இறக்கிட்டு வந்தப்புறம் சர்சர்னு உரசுற சத்தம் மட்டும்னா பிரேக் டிரம்முக்குள்ள மண்ணு, கழட்டி சுத்தம் பண்ணா போதும்.

வீல ஆட்டிப் பாக்க பின்பக்கம் தூக்குனா ஹேண்ட்பிரேக்க நம்பாதீங்க, அது பிடிக்கிறதே பின்வீலத்தான். முன்வீலுக்கு கட்டை வைங்க, கீழ ஸ்டாண்டு கொடுங்க, மணல் தரைல ஜாக்கிக்கு அடில பலகை போடுங்க, வெறும் ஜாக்கிய நம்பி யாரும் அடில போகவேணாம்.

நெசமாவே கிரவுன்தான்னு முடிவானா, கிரவுனையும் பினியனையும் ஜோடியாத்தான் மாத்தணும், ஒண்ண மட்டும் மாத்துறேன்னு சொல்ற கடைக்கு போகாதீங்க, பேரிங்கும் சீலும் அப்பவே புதுசு போட்டுருங்க.