கோல்டு ஸ்டோரேஜில் மாங்காய்: குளிர்க்காயம் படாமல் வைப்பது எப்படி?

அறைக்குள் இருக்கும்வரை காய் பளிச்சென்று இருக்கும். வெளியே எடுத்த இரண்டு மூன்று நாளில்தான் தோல் சாம்பல் நிறமாகி, சிறு குழிகள் விழும். ஒரு பக்கம் பழுக்க, மறுபக்கம் காயாகவே நிற்கும். இதுதான் குளிர்க்காயம். இதற்குக் காய் உறைய வேண்டியதில்லை. முதிர்ந்த பச்சை மாங்காய் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தாலே செல் சவ்வுகள் இறுகிக் கசியத் தொடங்கிவிடும். குளிர் கூடக்கூட அதற்கு ஆகும் நாளும் குறையும்.

காம்பிலிருந்து கீழ்நோக்கிக் கோடாக ஓடும் கருப்பு மட்டும் வேறு. அது மாம்பால் பட்ட புண். கூலிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

காம்படியில் தோள் புடைத்து, கொட்டையைச் சுற்றிச் சதை மஞ்சளாகத் தொடங்கிய காயையே ஏற்றுங்கள். பிஞ்சுதான் முதலில் அடிபடும். அறையை 13 டிகிரியில், ஈரப்பதத்தை 90 சதவீதத்தை ஒட்டி வையுங்கள். ஈரம் குறைந்தால் தோலில் குழி அதிகமாகும். கிரேட்டுக்குள் துளையிட்ட பாலித்தீன் விரிக்கலாம். துளை இல்லாமல் இறுக மூடினால் காய் மூச்சுமுட்டிச் சாராய வாடை அடிக்கும்.

பலரும் ஏமாறுவது சுவரில் ஒளிரும் எண்ணை நம்பித்தான். அது பெரும்பாலும் அறையைச் சுற்றித் திரும்பும் காற்றின் வெப்பம். புளோயரிலிருந்து புறப்படும் காற்று அதைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும். அதற்கு நேர் எதிரே, மேல் அடுக்கில் இருக்கும் கிரேட்டுகளே முதலில் கெடும். அங்கே, நடுவில், கதவோரம் என மூன்று இடங்களில் ஊசித் தெர்மாமீட்டரைச் சதைக்குள் கொட்டை வரை குத்திப் பாருங்கள். எங்காவது 12க்குக் கீழே இருந்தால் செட்டிங்கை ஏற்றுங்கள், அல்லது காற்றைத் திருப்பிவிடுங்கள்.

ஏற்றுவதற்கு முன் 38 டிகிரி வெப்பக்காற்றில் இரண்டு நாள் வைத்தால் குளிரைத் தாங்கும் திறன் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குத் தனி அறை வேண்டும், எடையும் குறையும். சிறு வியாபாரிக்குக் கட்டுப்படியாகாது.

பழுத்த மாம்பழம் 10 டிகிரி வரை தாங்கும். வாழைக்கு அந்தச் சலுகை இல்லை. காயோ பழமோ, 13க்குக் கீழே போனால் தோலடியில் பழுப்புக் கோடுகள் ஓடும். வீட்டு ஃபிரிட்ஜ் 4 டிகிரி. மாங்காயை வெளியே பழுக்கவைத்த பிறகே உள்ளே வைக்கவும்.

வாரம் ஒருமுறை, புளோயர் எதிரிலிருந்து பத்துக் காயை எடுத்து வெளியே நாலு நாள் வையுங்கள். இரண்டில் குழி தெரிந்தாலும், அந்த அடுக்கை மேலும் வைக்காமல் உடனே பழுக்கப்போட்டு விற்றுவிடுங்கள்.