இளவேனிலா, வசந்தமா?

ஆங்கிலத்தில் ‘spring’ எனப்படும் பருவத்தைத் தமிழில் இளவேனில் என்றும் வசந்தம் என்றும் மாற்றி மாற்றி எழுதுகிறோம். நம் ஊர்ப் பருவத்தைச் சொல்லும்போது ‘இளவேனில்’ என்றும், வெளிநாட்டுப் பருவத்தைச் சொல்லும்போது ‘வசந்த காலம்’ என்றும் எழுதுங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தமிழ்ப் பருவக் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும், அதாவது ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை. பெயரிலேயே வேனில் இருக்கிறது. கத்திரி வெயிலும் இதற்குள்தான் வருகிறது. “இளவேனிலில் பனி உருகியது” என்று மொழிபெயர்ப்பில் படித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். “ஜப்பானில் வசந்த காலத்தில் செர்ரி மரங்கள் பூக்கின்றன” என்றால் உறுத்தாது.

வேற்றுமை உருபு சேர்க்கும்போது ‘இளவேனிலில்’ தவறில்லை, ஆனால் நாக்கு இடறும். “இளவேனிற்காலத்தில் வேம்பு பூக்கும்”, “இளவேனில் பிறந்ததும் மாம்பழம் வரத் தொடங்கும்” என்று எழுதிப் பாருங்கள். லகரம் றகரமாவதைக் கவனியுங்கள்: இளவேனிற்காலம். ‘வசந்த காலம்’ என்பதில் நடுவே ‘க்’ போட வேண்டாம்.

வழக்கில் உறைந்துவிட்ட தொடர்களுக்கு இந்த நம் ஊர், வெளிநாடு என்ற பிரிப்பு பொருந்தாது. “அவள் வாழ்வில் வசந்தம் வீசியது” என்பதில் இளவேனிலைப் புகுத்தினால் வாக்கியம் செத்துவிடும். கோயில்களின் வசந்த மண்டபமும் வசந்த உற்சவமும் அப்படியே இருக்கட்டும், மதுரையில் அந்த உற்சவம் வைகாசியில் நடந்தாலும் கூட. ஆஸ்திரேலியாவைப் பற்றி எழுதினால் மாதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கே வசந்தம் செப்டம்பரில் தொடங்குகிறது.